தூண்டில் ஈயத்தை வீட்டில் வார்ப்பது: எந்த ஈயம் எடுக்கலாம், எங்கே உருக்கலாம்?

கரையோரம் (உத்தான் மெலிந்தாங்)

எல்லாருக்கும் வணக்கம். இங்கே மலேசியாவுல, பேராக்ல ஒரு செம்பனைத் தோட்டத்துல வேலை. லீவு நாள்ல தெலுக் இந்தான் பக்கம் ஆத்துல உடாங் காலாவுக்கும் (பெரிய ஆத்து இறால்), பாகான் டத்தோ முகத்துவாரத்துல செனாங்கின், கெளுத்தி மீனுக்கும் தூண்டில் போடுறேன். பெரிய பாசாங் (கடல் ஏத்தம்) தண்ணி ஓடுற நாள்ல சின்ன பத்து லாடோங் (தூண்டில் எடை) தரையில நிக்கிறதில்ல. பெருசாக் கட்டினா நீப்பா (சதுப்புப் பனை) வேர்லயும் பழைய ஜெட்டிக் காலுலயும் மாட்டி அறுந்து போகுது. கடையில வாங்கிக் கட்டுப்படியாகல.

டயர் கடைத் தவுக்கே (முதலாளி) ஒரு கோணி நிறைய பழைய சக்கர ஈயம், அதாவது சக்கரம் ஆடாம இருக்க ஓரத்துல மாட்டுற எடை, கொடுத்தார். மோட்டார் கொட்டகையில ரெண்டு செத்த பேட்டரியும் கிடக்கு. பழைய குவாலி (வாணலி), கேஸ் அடுப்பு எல்லாம் இருக்கு. லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) பின்னால சமையல்கட்டை ஒட்டி ஒரு தகரச் சாய்ப்பு, அங்கே உருக்கலாம்னு பார்க்கிறேன்.

அமெரிக்கக் காணொளிகள் நிறைய பார்த்தேன். எல்லாம் தோட்டா வார்க்கிறவங்க போட்டது. ஆண்டிமனி (ஈயத்தைக் கெட்டியாக்குற உலோகம்) கலக்கணும், கேஸ் செக் போடணும்னு சொல்றாங்க. தூண்டில் ஈயத்துக்கும் அதெல்லாம் வேணுமா? அச்சு எதுல செய்யலாம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஆலை ஃபிட்டர் (சுங்கை மானிக்)

தம்பி, முதல் காரியமா அந்தப் பேட்டரி ரெண்டையும் அப்படியே தூக்கி ஓரமா வை. உடைக்காதே. ஏன்னு கடைசியில சொல்றேன்.

சக்கர ஈயத்துக்கு வருவோம். பேர்தான் ஈயம், கோணியில இருக்கிறது எல்லாம் ஈயம் இல்ல. ஐரோப்பாவுல 2005க்குப் பிறகு காருக்கு ஈயத்துல சக்கர எடை போடக் கூடாதுன்னு ஆனதும், துத்தநாகத்துலயும் இரும்புலயும் செய்ய ஆரம்பிச்சாங்க. அந்தச் சரக்கு இங்கேயும் வந்து கலந்து கிடக்கு. உருக்குறதுக்கு முன்னால உட்கார்ந்து பிரிக்கணும். காந்தத்துல எடையோட உடம்பே ஒட்டினா இரும்பு. கொக்கி மட்டும் ஒட்டினா அதை வச்சு முடிவு பண்ணாதே, ஈய எடைக்கும் கொக்கி இரும்புதான். அடுத்து கம்பி வெட்டுற குறடால ஓரத்தைக் கடிச்சுப் பாரு. ஈயம்னா வாய் உள்ளே இறங்கும், துத்தநாகம்னா வழுக்கும். சிமெண்டுத் தரையில போட்டா ஈயம் மொத்துன்னு விழும், துத்தநாகம் கணீர்னு கேட்கும். சிலதுல எழுத்தே இருக்கும்: பிபி ஈயம், இசட்என் துத்தநாகம், எஃப்இ இரும்பு.

ஈயம் 327 டிகிரியில உருகும், துத்தநாகம் 420க்குக் கொஞ்சம் கீழே. அதனால "தீயைக் குறைச்சு வச்சா துத்தநாகம் மேலே மிதக்கும், கரண்டியால அள்ளிடலாம்"னு பலர் சொல்வாங்க. மிதக்கிறது உண்மை. ஆனா உருகின ஈயத்துல துத்தநாகம் ரொம்ப நேரம் கிடந்தா 420க்குக் கீழேயும் கொஞ்சம் கொஞ்சமாக் கரையும். ஒரு தடவை கலந்துட்டா சட்டி முழுக்கக் கஞ்சி மாதிரி ஆயிடும், அச்சுல ஓடாது. அதனால குறடு வேலையை முதல்ல முடி. சந்தேகம் வந்ததைத் தனியாப் போடு.

கொக்கி வச்ச எடையில ஆண்டிமனி சில சதவீதம் இருக்கும், கொஞ்சம் கெட்டி. ஒட்டு நாடா போட்டு ஒட்டுற பட்டை எடை ஏறக்குறைய சுத்த ஈயம், மெத்துன்னு இருக்கும். தூண்டிலுக்கு ரெண்டும் ஆகும்.

இப்ப பேட்டரி. அதுல இருக்கிறது வெறும் ஈயம் இல்ல. அமிலம் ஊறின சல்பேட் மாவு, தட்டுல ஆண்டிமனி, ஆர்செனிக், புது வகையில கால்சியம். அதை உருக்கி அந்தக் கசடு ஈரம் பட்டா ஆர்சீன், ஸ்டிபீன்னு வாயு வரும். கொஞ்சமாச் சுவாசிச்சாலே ரத்தத்தை அழிக்கிற விஷம். இந்த நாட்டுல செத்த பேட்டரி 2005 அட்டவணைக் கழிவு (ஆபத்தான கழிவு) விதிகள்ல எஸ்டபிள்யூ 102ன்னு தனி எண் போட்டு வச்சிருக்கிற சரக்கு. புது பேட்டரி வாங்குற கடையில கொடு, விலையில கழிச்சுக்குவாங்க.

சித்தியவான் பையன் (டெக்சஸ்)

கேஸ் செக் கேள்விக்கு நான் சொல்லலாம். இங்கே என் ரிவால்வருக்கு நானே தோட்டா முனை வார்க்கிறேன், இந்த மாநிலத்துல அதுக்குச் சட்டம் இடம் கொடுக்குது.

கேஸ் செக்னா தோட்டா முனையோட அடிப்பக்கத்துல மாட்டுற சின்ன செப்புக் கிண்ணம், அலுமினியத்துலயும் வரும். வெடிமருந்து எரியும்போது வர்ற சூடான வாயு ஈயத்தோட அடி விளிம்பை அரிச்சு, துப்பாக்கிக் குழாய்க்குள்ள ஈயப் படிவு உண்டாக்கும். கிண்ணம் அதைத் தடுக்கும். .38 ஸ்பெஷல் தோட்டா மாதிரி மெதுவாப் போறதுக்கு அது தேவையே இல்ல. .357 மேக்னம் முழு அழுத்தத்துல சுடும்போது உதவும். எல்லா முனையிலயும் மாட்ட முடியாது, அடியில அதுக்குன்னு படி வெட்டின அச்சுல வார்த்திருக்கணும். புதுசா வர்றவங்க கெட்டி ஈயம், கேஸ் செக்னு தேடிக்கிட்டே இருப்பாங்க. முனையோட விட்டம் சிலிண்டர் வாய்க்குச் சரியாப் பொருந்துதான்னு அளக்க மாட்டாங்க. பொருந்தலேன்னா வாயு பக்கவாட்டுல புகுந்து போகும், விலை உயர்ந்த செப்புக் கிண்ணம் போட்டும் குழாய் அழுக்காத்தான் இருக்கும். அளவைப் பார்த்துட்டுத்தான் நான் கிண்ணத்தைப் பத்தி யோசிப்பேன்.

இதுல எதுவும் உங்க தூண்டிலுக்குச் சம்பந்தமில்ல தம்பி. வாயுவும் இல்ல, குழாயும் இல்ல. ஆண்டிமனி, வெள்ளீயம் எதையும் காசு கொடுத்து வாங்காதீங்க. அந்தக் காணொளிகள்ல இருந்து உங்களுக்கு வேண்டியது அச்சைச் சூடாக்குறது, கசடு எடுக்கிறது, கையைப் பாதுகாக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்னு. மலேசியாவுல 1960 ஆயுதச் சட்டப்படி லைசன்ஸ் இல்லாம தோட்டா செய்யிறதும் வச்சிருக்கிறதும் குற்றம். தோட்டா அச்சு மலிவாக் கிடைக்குது, தூண்டிலுக்குப் பயன்படுத்திக்கலாம்னு யாராவது சொன்னா வாங்கிடாதீங்க. தூண்டில் அச்சுன்னே தனியா விக்கிறாங்க.

ஓய்வு டிரெசர் (பாகான் டத்தோ)

தோட்ட ஆஸ்பத்திரியில காலமெல்லாம் வேலை பார்த்தவன். தம்பி எழுதினதுல எனக்கு இடித்த வரி ஒன்றுதான்: "சமையல்கட்டை ஒட்டி." அந்தச் சாய்ப்பில் உருக்க வேண்டாம்.

ஈயப் புகைதான் ஆபத்து என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அளவான தீயில் உருக்கினால் ஆவி குறைவுதான். 480, 500 டிகிரிக்கு மேல் போனால் கூடும். வீட்டில் பெரிய வழி தூசு. மேலே திரளும் மஞ்சளும் சாம்பலும் கலந்த கசடு இருக்கிறதே, அது ஈய ஆக்சைடு, பவுடர் போல நைசாக இருக்கும். கரண்டியால் அள்ளும்போது பறக்கும். தரையில் படியும், துணியில் ஒட்டும், கோழி கிளறும். தவழும் பிள்ளை அந்தத் தரையில் கை வைத்து வாயில் வைக்கும்.

வயிற்றுக்குள் போன ஈயத்தில் பெரியவர் உடம்பு எடுத்துக்கொள்வதைப் போல 4, 5 மடங்கு சின்னப் பிள்ளை உடம்பு எடுத்துக்கொள்ளும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த பிள்ளைக்கு இன்னும் கூடுதல். நம் லயங்களில் சோகை பிடித்த பிள்ளைகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இவ்வளவு வரை பாதுகாப்பு என்று சொல்லும்படி ரத்தத்தில் ஓர் அளவு கிடையாது. மூளை வளரும் வயதில் பட்டது பிறகு முழுதாகத் திரும்புவதில்லை. காய்ச்சல், வாந்தி என்று அடையாளம் காட்டாமலே போகும்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கதை முடிந்தது, அந்த வளவிலேயே உருக்கக் கூடாது. ஈயம் எலும்பில் பல ஆண்டுகள் தங்கும். கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து இறங்கிக் குழந்தைக்குப் போகும்.

கரையோரம்

டிரெசர் ஐயா, நல்லவேளை கேட்டேன். அண்ணன் பிள்ளைங்க ரெண்டு பேர் எங்ககூடத்தான் இருக்காங்க, சின்னவன் இப்பத்தான் நடக்கிறான். அண்ணி மாசமா வேற இருக்காங்க. சாய்ப்பு யோசனையை விட்டாச்சு. வேற இடம் பார்க்கிறேன். பேட்டரியும் கடைக்குப் போகுது.

ஜாலாக்காரர் (சபாக் பெர்ணம்)

நான் ஒன்னு சொல்லணும். எங்கப்பா காலத்துல இருந்து ஜாலா (வீச்சு வலை) பின்னி ஈயம் கட்டுறோம். விறகடுப்புல மண்சட்டி வச்சு உருக்கினோம், எந்த முகமூடியும் கிடையாது. எங்கப்பா எண்பது தாண்டித்தான் போனார். டிரெசர் சொல்றது படிச்ச விஷயம், மறுக்கல. ஆனா இவ்வளவு பயமுறுத்தினா நம்ம பசங்க கைவேலை ஒன்னையும் தொட மாட்டாங்க. எல்லாத்தையும் கடையில வாங்குற கூட்டமா ஆயிடுவோம். அதுவும் நஷ்டம்தானே?

ஓய்வு டிரெசர்

ஐயா, உங்கள் அப்பாவின் ஆயுசு எனக்கும் சந்தோஷம். கைவேலை போகக் கூடாது என்பதில் உங்களோடுதான் நிற்கிறேன். ஆனால் அந்தக் காலத்தில் யாருக்கும் ரத்தத்தில் ஈயம் அளந்து பார்க்கவில்லை. பெரியவர் ஒருவர் தாங்கியதை வைத்துப் பிள்ளைக்குக் கணக்குப் போட முடியாது. வயிற்று வலி, மலச்சிக்கல், அசதி, ரத்த சோகை என்று வருபவர்களுக்கு அந்தந்த மருந்து கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தோம். ஈயமா என்று நானும் கேட்டதில்லை, பெரிய ஆஸ்பத்திரியிலும் கேட்டதில்லை.

உருக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டை விட்டு விலகிய இடத்தில், வெட்டவெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வர நின்று செய்யுங்கள். துகளைத் தடுக்கும் முகமூடி போடுங்கள், குறைந்தது என்95. வெற்றிலை, சிகரெட், தேத்தண்ணி எதுவும் அந்த இடத்தில் கூடாது. முடிந்ததும் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். போட்ட சட்டையைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். அந்தக் குவாலி இனிமேல் சோற்றுப் பக்கம் வரவே கூடாது. தொடர்ந்து செய்பவர்கள் டாக்டரிடம் சொல்லி ரத்தம் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜாலாக்காரர்

அளந்து பார்த்ததில்ல என்பது சரியான பேச்சுதான். அடுத்த மாசம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறப்ப நானும் கேட்கிறேன்.

இப்ப தம்பிக்கு ஒரு வழி. ஜாலாவுக்கு நாங்க எல்லாத்தையும் உருக்கிக் கட்டுறதில்ல. ஈயத் தகட்டைக் கத்தரிக்கோலால பட்டையா நறுக்கிக் கயித்து மேல சுத்திச் சுத்தியலால தட்டி இறுக்குறதும் உண்டு. தீயே வேணாம். உன் கோணியில இருக்கிற பட்டை எடையை அப்படியே சுருட்டி, நடுவுல ஒரு கம்பி வச்சுத் தட்டி, கம்பியை உருவிட்டா நூல் ஓடுற ஓட்டை ரெடி. அது லாடோங் ஹிடுப், நூல் மேல ஓடுற எடை. உடாங் காலாவுக்கு அது தாராளம். தட்டி முடிச்சுக் கை கழுவிடு, அங்கேயும் ஈயம் ஈயம்தான்.

பழைய டெலிபோன் கேபிள் மேல சுத்தின ஈய உறையும் நல்ல மெத்து ஈயம். ஆனா யார்கிட்ட வாங்குறோம்னு தெரிஞ்சு வாங்கணும். கேபிள் திருட்டு நடக்கிற காலம், போலீஸ் வந்தா பதில் சொல்லணும்.

லயத்து அக்கா (உத்தான் மெலிந்தாங்)

கசடை எங்கே போடுவீங்கன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லல. எங்க வரிசையில ஒருத்தர் இப்படி உருக்கிட்டு மிச்சத்தை வேலி ஓரம் கொட்டினார். அதுக்குப் பக்கத்துலதான் என் கீரைப் பாத்தி. நாலு வீட்டுப் பிள்ளைங்க மண்ணுல விளையாடுற இடம். போய்க் கேட்டா "கொஞ்சம்தானே"ங்கிறார். பாத்தியை நான் கலைச்சுட்டேன், இப்ப தொட்டியில வேற மண்ணு போட்டு வளர்க்கிறேன். ஆண்கள் பொழுதுபோக்குக்குப் பண்றீங்க, பண்ணுங்க. மிச்சம் எங்கே போகுதுன்னு முதல்ல முடிவு பண்ணிட்டு அடுப்பைப் பத்த வைங்க.

ஆலை ஃபிட்டர்

தங்கச்சி கேட்டது நியாயம், நான் எழுதாம விட்டது. கசடை மூடி போட்ட தகர டப்பாவுல போட்டு, மேலே "ஈயக் கசடு"ன்னு எழுதி, பிள்ளைங்க கை எட்டாத இடத்துல வை. அதுல ஈயம் நிறைய இருக்கு, பேட்டரி எடுக்கிற மறுசுழற்சிக்காரங்ககிட்ட கேட்டா எடுத்துக்குவாங்க. மண்ணுலயும் கால்வாயிலயும் கொட்டக் கூடாது.

கசடையே குறைக்கலாம். சட்டியில ஈயம் உருகினதும் காஞ்ச மரத்தூள் ஒரு கைப்பிடி போட்டுக் கிளறினா, ஆக்சைடுல ஒரு பங்கு திரும்ப ஈயமா மாறி உள்ளே போயிடும். மேலே நிக்கிற கரியையும் கொக்கியையும் மட்டும் அள்ளினாப் போதும். மெழுகுவர்த்தித் துண்டும் போடலாம், ஆனா புகையும், தீப்பிடிக்கும், முகத்தைத் தள்ளி வை.

தூள் காஞ்சிருக்கணும்னு சொன்னேன் பாரு, அதுதான் இந்த வேலையிலேயே பெரிய விஷயம். உருகின ஈயத்துக்குக் கீழே ஒரு சொட்டுத் தண்ணி மாட்டினா அது ஆவியாகி 1,600 மடங்குக்கு மேல விரியும். சட்டி ஈயம் மொத்தமும் மேலே தெறிக்கும். கண்ணு போகும். நம்ம ஊர்ல மத்தியானம் மூணு மணிக்கு மேகம் கூடினா அடுப்பை அணைச்சுடணும். வேர்வை சொட்டுற நெத்தியைச் சட்டிக்கு மேல நீட்டாதே. மழையில கிடந்த எடையை உருகின ஈயத்துக்குள்ள போடாதே. சட்டி ஆறியிருக்கும்போதே போட்டு, சேர்த்துச் சூடாக்கு. கரண்டியையும் முதல்ல தீயில காட்டிட்டுத்தான் உள்ளே விடணும். கண்ணாடி, முழுக்கை பருத்திச் சட்டை, தோல் கையுறை, காலுக்குப் பூட்ஸ். செலிப்பர் போட்டுக்கிட்டு நின்னா நான் உன்கூட நிக்க மாட்டேன்.

அச்சு அலுமினியத்துல வாங்கு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்ல செய்யலாம்னு காணொளியில காட்டுவாங்க. அந்தப் பிளாஸ்டர் இறுகுறதே தண்ணியைத் தனக்குள்ள பிடிச்சு வச்சுத்தான். வெயில்ல காய வச்சாலும் அந்தத் தண்ணி போகாது, சூடான ஈயம் பட்டதும் வெளியே வரும். நம்ம காத்து ஈரத்துல அதை நம்பி நான் ஊத்த மாட்டேன். அலுமினிய அச்சுக்குள்ள மெழுகுவர்த்திக் கரியைப் பிடிச்சுக்கோ, ஈயம் ஒட்டாது. அச்சு ஆறியிருந்தா முதல் சிலது சுருக்கம் விழுந்து வரும், திரும்பச் சட்டியில போட்டு உருக்கலாம். அச்சு சூடு ஏறினதும் தானா வழவழன்னு விழும். மேலே பனி பூத்த மாதிரி வெளுத்தா சூடு கூடிப்போச்சு, நிறுத்தி ஆற விடு. வளையத்துக்குப் பித்தளைக் கம்பி வை, இரும்பு உப்புத் தண்ணியில துருப்பிடிச்சு அறுந்துடும்.

முகத்துவாரம் (குவாலா சிலாங்கூர்)

நான் ஈயத்தையே விட்டுட்டேன், மாட்டுற இடத்துல மட்டும். துருப்பிடிச்ச நட்டு போல்ட்டுதான் கட்டுறேன். பழைய இரும்புக் கடையில கிலோக் கணக்குல கிடைக்குது. தூண்டில் நூல் 20 பவுண்டுன்னா, நட்டைக் கட்டுற துண்டு நூல் 8 பவுண்டு. மாட்டினா நட்டு மட்டும் அறுந்து போகும், முள்ளும் மீனும் திரும்பி வரும்.

ஆலை ஃபிட்டர்

இரும்பு எடை நிக்காதுன்னு நிறைய பேர் சொல்றாங்க. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 கிராம் ஈயம் தண்ணிக்குள்ள ஏறக்குறைய 91 கிராமா நிக்கும். 100 கிராம் இரும்பு 87. பெரிய வித்தியாசமே இல்ல. சிமெண்டு வார்த்துக் கட்டினாத்தான் 60க்குக் கீழே இறங்கிடும். இரும்போட குறை எங்கேன்னா, அதே எடைக்கு உருவம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெருசு, அதனால ஓடுற தண்ணி பிடிச்சுத் தள்ளுற பரப்பும் கூடுதல். செத்த தண்ணி (ஓட்டம் குறைஞ்ச) நாள்ல நட்டு தாராளமாப் போதும். பெரிய பாசாங்ல முகத்துவாரத்துல நிக்கணும்னா ஈயம், இல்லேன்னா இரும்பையே இன்னும் கனமாக் கட்டணும், அப்ப தடியும் அதுக்கு ஏத்ததா இருக்கணும்.

சித்தியவான் பையன்

பறவைக்காகவும் ஒரு வார்த்தை. இங்கிலாந்துல 1987ல இருந்து சின்ன ஈயத் தூண்டில் எடை விக்கத் தடை, 28 கிராம் வரைக்கும். அன்னங்கள் கூழாங்கல்லுன்னு நினைச்சு விழுங்கிச் செத்துக்கிட்டிருந்ததுதான் காரணம். நம்ம ஆத்தோரமும் கொக்கும் நாரையும் இருக்கிற இடம். பட்டாணி அளவு ஈயத்தைக் கரையில சிந்திட்டு வராதீங்க. சின்ன எடைக்கு இரும்பு போதும்.

கரையோரம்

எல்லாருக்கும் நன்றி. கோணியைக் கொட்டிக் குறடு போட்டுப் பார்த்தேன். ஃபிட்டர் அண்ணன் சொன்னது அப்படியே சரி, கால்வாசிக்கு மேல துத்தநாகமும் இரும்பும். பட்டை எடையை எடுத்து ஜாலாக்காரர் ஐயா சொன்னபடி சுருட்டித் தட்டினேன், உடாங் காலாவுக்கு நல்லாவே வருது. வேர் இருக்கிற இடத்துக்கு நட்டும் மெல்லிய நூலும். முகத்துவாரத்துக்கு மட்டும் பெருசா வார்க்கணும், அதுக்கு அலுமினிய அச்சு சொல்லியிருக்கேன். லயத்துல பண்ணப் போறதில்ல. அக்கா, கசடுக்கு மூடி போட்ட பால் டின் எடுத்து வச்சாச்சு.

ஃபிட்டர் அண்ணே, உங்க ஆலைப் பக்கம் திறந்த கொட்டகை ஏதாவது இருக்கா? ஒரு நாள் உங்ககூட நின்னு பண்ணலாமா?

ஆலை ஃபிட்டர்

ஆலை வளவுக்குள்ள மேனேஜர்கிட்ட கேட்காம நெருப்பு வைக்க முடியாது தம்பி, கேட்டுச் சொல்றேன். இல்லேன்னா எங்க வீட்டுப் பின்னால செங்கல் சூளை இருந்த மேடு காலியாத்தான் கிடக்கு, பக்கத்துல வீடு கிடையாது. ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு வா, மழைக்கு முன்னால முடிச்சுடலாம். பூட்ஸும் மாத்துச் சட்டையும் மறக்காதே. பிரிச்ச ஈயத்தை மட்டும் கொண்டு வா, துத்தநாகத்தைப் பழைய இரும்புக் கடையில தனியாப் போடு, அதுக்கும் விலை உண்டு.

ஓய்வு டிரெசர்

நானும் வருகிறேன். முகமூடி என்னிடம் இருக்கிறது.